வெட்டிப் போட்ட காட்டைப் புராதனக் காடு என்கிறார்களே, ஏன்?

பிப்ரவரியில் இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் பிராட்ஃபீல்ட் வுட்ஸ் காட்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். புராதனக் காடு, தேசிய இயற்கைக் காப்பகம் என்றெல்லாம் கேள்விப்பட்டு ஆசையாகப் போன இடத்தில், ஒரு பக்கம் முழுக்க மரங்களைத் தரையோடு வெட்டிக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். மீதி மரங்களிலும் ஓர் இலை கிடையாது. 'காப்பவர்களே வெட்டினால் எப்படி? இது காடா, விறகுத் தொட்டியா?' என்பது உங்கள் கேள்வி. கூடவே, சுற்றியிருக்கிற வயல்களுக்குள் நடந்து போனால் யாராவது திட்டுவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விறகுத் தொட்டிதான். 750 வருஷத்துக்கும் மேலாக அது விறகுத் தொட்டிதான். அதனால்தான் அங்கே இன்னும் காடு நிற்கிறது. இல்லாவிட்டால் நீங்கள் நின்ற இடம் எப்போதோ கோதுமை வயலாகியிருக்கும். முதலில் கேட்டபோது நானும் இதை நம்பவில்லை. பிறகு அதே மாவட்டத்தில் வேறொரு சின்னக் காட்டில், நாலைந்து குளிர்காலம் சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்களோடு சேர்ந்து வெட்டப் போனேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கரும்பை வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டுவைத்தால் மறுதாம்பு கிளம்புமே, அதேதான் இங்கேயும். பைன் போன்ற ஊசியிலை மரங்களை வெட்டினால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. இங்கிலாந்தின் இலையுதிர் மரங்கள் அப்படியில்லை. ஹேசல், ஆஷ், மேப்பிள், ஆல்டர், ஓக் என்று எதை வெட்டினாலும் அடுத்த வசந்தத்தில் கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்து விடும். மண்ணுக்குள் இருப்பது பழைய, பெரிய வேர். அது சேர்த்து வைத்திருக்கிற சத்து முழுவதும் புதுப் போத்துகளுக்குப் போவதால் விதையிலிருந்து வருகிற கன்று இவற்றோடு போட்டி போடவே முடியாது. ஹேசலை ஏழெட்டு வருஷத்தில் திரும்ப வெட்டலாம். ஆஷ் என்றால் 20, 25 வருஷம். அப்புறம் மறுபடியும், அப்புறம் மறுபடியும். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழியின் இரண்டாம் பாதியை விட்டுவிடுவோம். முதல் பாதி ஹேசலுக்கு அப்படியே பொருந்தும்.

இதில் பலருக்கும் நம்பச் சிரமமாக இருப்பது ஆயுள் கணக்கு. வெட்டுப்படுகிற மரம் வெட்டுப்படாத மரத்தைவிட நீண்ட நாள் இருக்கிறது. சும்மா விட்ட ஹேசல் ஒரு மனித ஆயுளோடு சரி. மறுதாம்பாக வெட்டிக்கொண்டே இருந்தால் சில நூறு வருஷம் தாண்டும். ஆஷ் மரம் தானாக வளர்ந்து இருநூறு வருஷத்துக்கு மேல் நிற்பதே பெரிய காரியம். ஆனால் பிராட்ஃபீல்டில் ஓர் ஆஷ் அடிக்கட்டை ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். வயது ஆயிரம் வருஷம் இருக்கும் என்று கணிக்கிறார்கள். பார்த்தால் மரம் மாதிரியே இருக்காது. நடுப்பகுதி என்றைக்கோ மட்கிப் போய், வெளிவட்டம் மட்டும் பாசி பிடித்த கட்டைகளாக ஒரு கிணற்றுச் சுவர்போல வளைந்து நிற்கும். ஒவ்வொரு கட்டையிலிருந்தும் நேராகக் கழிகள் கிளம்பியிருக்கும். அத்தனையும் ஒரே மரம். நிமிர்ந்து பெரிய மரத்தைத் தேடிக்கொண்டே போகிறவர்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிற இந்தக் கிழவியைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

வெட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. காட்டைப் பங்கு பங்காகப் பிரித்துக்கொண்டு, ஒரு குளிர்காலத்துக்கு ஒன்றிரண்டு பங்கை மட்டும் வெட்டுவார்கள். நம் ஊர் வனத்துறையில் மரம் வெட்ட ஏலம் விடுகிற பகுதியைக் கூப்பு என்பார்களே, அதே ஏற்பாடு. (அந்தக் 'கூப்பு' பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கில வனத்துறை வழியாக நமக்கு வந்தது. மறுதாம்புக் காட்டை ஆங்கிலத்தில் காப்பிஸ் என்பதும் வெட்டுதல் என்ற அதே பழைய பிரெஞ்சு வேரிலிருந்து வந்ததுதான். சொல்லும் ஒரே கட்டையில் இரண்டு போத்து விட்டிருக்கிறது.) நீங்கள் பார்த்தது இந்த வருஷத்துக் கூப்பு. அதற்குப் பக்கத்திலேயே போன வருஷத்தது, மூன்று வருஷத்தது, எட்டு வருஷத்தது என்று வரிசையாக இருந்திருக்கும். இலை இல்லாத மாதத்தில் எல்லாம் ஒரே குச்சிக் கூட்டமாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். நடுநடுவே வெட்டாமல் விட்ட உயரமான ஓக் மரங்களும் இருந்திருக்குமே? அவை மறந்துபோய் விட்டவை அல்ல. விட்டத்துக்கும் தூணுக்கும் என்று வளர்க்கிறவை.

அடுத்த முறை போனால் கட்டையை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். வெட்டு தரையை ஒட்டி இருக்கும். வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் நடுவில் தேங்கி அழுகாமல் வழிந்து ஓடுவதற்காக. இப்போது செயின்சா வந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் ஹேசலுக்கு பில்ஹுக் என்ற கருவியைத்தான் எடுப்போம். கொடுவாளின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, குட்டையாக, முனை வளைந்து இருக்கும். கழியை இடது கையால் மெல்ல வளைத்துப் பிடித்து, அடியில் மேல்நோக்கி ஒரே வீச்சு. கீழ்நோக்கி வெட்டினால் கட்டை பிளந்துவிடும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். நான் முதல் நாளே பிளந்தேன். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வந்து, பிளந்த இடத்துக்குக் கீழே சீவிச் சரிசெய்துவிட்டுப் போனார். வெட்டிய ஹேசலின் உள்பக்கம் தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். ஆஷ் கழி வெட்டிய கையோடு அடுப்பில் வைத்தாலும் ஓரளவு எரியும். விறகுக்காரர்கள் அதற்கு மவுசு கொடுப்பது இதனால்தான்.

இந்த வேலை அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும்தான். இலை உதிர்ந்து, சத்து வேருக்கு இறங்கியிருக்கிற காலம். பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். நீங்கள் பிப்ரவரியில் போனதால் பட்டறை திறந்திருக்கிற நேரத்தில் போய் நின்றிருக்கிறீர்கள்.

750 வருஷம் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறேன் என்று கேட்கலாம். இந்தக் காடு பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரின் பெரிய மடாலயத்துக்குச் சொந்தமாக இருந்தது. (எழுத்துக்கூட்டிப் பார்த்தால் 'புரி' என்று வரும், சொல்வது 'பெரி'.) மடாலயத்தின் 1252ஆம் ஆண்டுப் பதிவில் இந்தக் காடு இருக்கிறது. இன்றைக்கும் காட்டின் ஒரு பகுதிக்கு மங்க்ஸ் பார்க், அதாவது துறவிகளின் பூங்கா என்றே பெயர். 1539ல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மடாலயத்தை மூடினார்கள். கட்டிடத்தின் கல்லை ஊரே பிரித்துக்கொண்டது. காட்டு வேலையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. முதலாளிதான் மாறினார், வெட்டு தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் ஊருக்கு மரம் இல்லாமல் எதுவுமே நடக்காது. ஹேசல் கழியைப் பிளந்து ஆட்டுப் பட்டிக்குப் படல் பின்னினார்கள், கூரை வேய முளைக்குச்சி செய்தார்கள், வீட்டுச் சுவருக்கு வரிச்சு கட்டி மண் பூசினார்கள். காட்டிலிருந்து ஒரு நடை வண்டியில் போனால் லாவெனம் என்ற ஊர் வரும். கம்பளித் துணி வியாபாரத்தில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கொழித்த ஊர். சாய்ந்து சரிந்த மரச்சட்ட வீடுகளைப் பார்க்கவே இன்று கூட்டம் வருகிறது. அந்தச் சட்டமெல்லாம் ஓக், சட்டங்களுக்கு நடுவே இருக்கிற சுவர் வரிச்சும் மண்ணும். ஆலிவர் ராக்கம் என்ற கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் (1939–2015) சஃபோக்கின் பழைய பண்ணை வீடு ஒன்றில் எத்தனை மரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். முன்னூறுக்கும் மேல். பெரும்பாலும் ஒல்லியான ஓக் மரங்கள். காடு ராட்சச மரங்களை வளர்த்துக் காத்திருக்கவில்லை. வேண்டிய பருமன் வந்ததும் வெட்டினார்கள், கட்டையிலிருந்தோ கன்றிலிருந்தோ அடுத்தது வந்தது. பிராட்ஃபீல்ட் ஆஷ் கழிகள் 20ஆம் நூற்றாண்டிலும் பக்கத்து ஊரான லிட்டில் வெல்னெதத்தில் இருந்த பட்டறைக்குப் போய்ப் புல் வாருகிற வாரிகளாகின.

கப்பல் கட்டியும் இரும்பு உருக்கியும்தான் இங்கிலாந்தின் காடு அழிந்தது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ராக்கம் இதை ஏற்கவில்லை. எனக்கும் அவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. இரும்பு உருக்குகிறவனுக்கு வருஷா வருஷம் கரி வேண்டும். அவன் காட்டை அழித்தால் அடுத்த வருஷம் உலை அணைந்துவிடும். அதனால் அவன் காட்டுக்கு வேலி போட்டுக் காப்பாற்றினான். இங்கிலாந்தின் தென்கிழக்கில் வீல்ட் என்கிற பழைய இரும்பு வட்டாரத்தில்தான் இன்றைக்கும் காடு அதிகம். மரம் வெட்டினால் காடு போகாது. வெட்டிய இடத்தில் மாட்டை விட்டாலோ ஏரை விட்டாலோதான் போகும்.

அந்த வேலியின் மிச்சம் இன்னும் இருக்கிறது. காட்டின் ஓரத்தில் நடக்கும்போது ஒரு மண்கரையும் அதற்கு வெளியே ஒரு பள்ளமும் தட்டுப்படும். வயலுக்கான வடிகால் என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். அது இடைக்காலத்துக் காட்டு வரப்பு. கரை உள்ளே, அகழி வெளியே. ஊர் மாடு ஏறி வந்து இளம் போத்தைக் கடித்துவிடாமல் இருக்க. அது நேராகப் போகாது, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். நேர்கோட்டில் ஒரு காட்டோரத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்தைப் பிற்காலத்தில் யாரோ வெட்டி வயலாக்கியிருக்கிறார்கள் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

'புராதனக் காடு' என்பது வெறும் புகழ்ச்சி இல்லை. அதற்கு வரையறை இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600லிருந்து இன்றுவரை இடைவிடாமல் காடாக இருந்த நிலம். ஏன் 1600? அதற்கு முன்னால் யாரும் காட்டை நட்டு வளர்ப்பது அரிது. ஆகவே அப்போது காடாக இருந்தது இன்னும் ரொம்பப் பழையதாகத்தான் இருக்கும் என்பது ஊகம். கவனியுங்கள், வரையறையில் மரத்தின் வயது வரவே இல்லை. நிலம் பழையது, மண் பழையது, அதிலிருக்கிற வேரும் விதையும் பழையவை. மேலே நிற்கிற கம்பு மூன்று வயதாக இருந்தாலும் காடு புராதனம்தான்.

சரி, இப்போது பூவுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

குளிர் நாட்டு இலையுதிர் காட்டில் எல்லாப் பிழைப்பும் வெளிச்சத்தைச் சுற்றித்தான். முதுமலையில் மரங்கள் இலை உதிர்ப்பது தண்ணீர் பற்றாமல். இங்கே வெளிச்சமும் வெப்பமும் பற்றாமல். டிசம்பரில் சூரியன் நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். அந்த வெளிச்சத்தை நம்பி மெல்லிய இலையைப் பனியில் வைத்துப் பராமரிப்பது மரத்துக்கு நஷ்டம். அதனால் இலையிலிருக்கிற பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியில் தக்கை போல ஓர் அடுக்கை வளர்த்து அடைத்துவிட்டு உதிர்த்துவிடும். மறுபடி ஓக் முழுதாகத் தழைக்க மே ஆகிவிடும். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள்: சூரியன் ஏறிவிட்டது, மேலே இலைக்கூரை இன்னும் மூடவில்லை. தரையில் வாழ்கிற செடிகள் எல்லாம் அந்த இரண்டு மூன்று மாதத்தில் வருஷம் முழுவதற்கும் சம்பாதித்துவிட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ஹேசலில் மஞ்சள் வால் போலப் பூங்கொத்துகள் தொங்கும். மார்ச்சில் வெளிர் மஞ்சள் பிரிம்ரோஸ். ஏப்ரலில் வெள்ளை அனிமோன், பிறகு புளூபெல், மே மாதம் காட்டுப்பூண்டு. ஜூனில் கூரை மூடிவிடும், தரை இருட்டு, கடை அடைப்பு.

கூப்பில் வெட்டியதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் இருக்காது, சேறும் சுள்ளியும்தான். இரண்டாம் வசந்தம் பார்க்க வேண்டும். இருட்டில் ஒன்றிரண்டு இலையோடு தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த செடியெல்லாம் ஒரேயடியாகப் பூக்கும். போன வெட்டிலிருந்து மண்ணுக்குள் புதைந்து தூங்கிய விதைகள் முளைக்கும். வயலட் அப்படித்தான் வருகிறது, அதன் இலையைத் தின்கிற புழுக்களிலிருந்து ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. பிராட்ஃபீல்டில் ஆக்ஸ்லிப் என்ற பூ விசேஷம். பிரிம்ரோஸின் அக்கா, ஒரே தண்டில் பத்துப் பதினைந்து மஞ்சள் பூ ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். பிரிட்டனில் அது சஃபோக், கேம்பிரிட்ஜ், எஸெக்ஸ் எல்லைகள் சேர்கிற களிமண் மேட்டுப் பழங்காடுகளைத் தாண்டி அநேகமாக எங்கும் கிடையாது. நாலைந்து வருஷத்தில் கழிகள் நெருங்கிப் புதராகும், பூ குறையும், புதரில் பறவை வரும். எட்டு வருஷத்தில் மறுபடி இருட்டு. வேறு வேறு வயதுக் கூப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எல்லாருக்கும் எப்போதும் எங்காவது ஓரிடம் இருக்கும். வெட்டை நிறுத்தினால் இத்தனையும் ஒரே இருட்டாகிவிடும்.

அனிமோன் பற்றி ஒரு விஷயம். அது விதையால் பரவுவது குறைவு. வேர்த்தண்டு ஊர்ந்து ஊர்ந்து நூறு வருஷத்தில் ஆறடி தூரம் போகும் என்பார்கள். ஒரு காட்டில் அனிமோன் கம்பளம் விரித்தது போல இருந்தால் அந்தக் காட்டின் வயதுக்கு வேறு பத்திரம் வேண்டாம்.

புளூபெல்லுக்கு ஒரு வேண்டுகோள். உலகத்திலிருக்கிற புளூபெல்லில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது என்று சொல்வார்கள். படம் எடுக்க அதற்குள் இறங்கி உட்காராதீர்கள். பூவை மிதித்தால்கூடப் பரவாயில்லை, இலையை மிதித்தால் கிழங்குக்கு அடுத்த வருஷத்துச் சாப்பாடு போய்விடும். கிழங்கைத் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

இவ்வளவு நன்றாக ஓடிய ஏற்பாடு நின்றது எப்படி? ரயில் வந்தது, நிலக்கரி ஊர் ஊராகப் போனது, விறகுக்கு விலை போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல காடுகளில் கூப்பு நின்றுபோயிற்று. முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடியதும் 1919ல் அரசு வனத்துறை ஆணையத்தை அமைத்தது. சீக்கிரம் வளர்கிற ஊசியிலை மரங்களை நடுவதுதான் அதன் குறி. இரண்டாம் போருக்குப் பிறகு உணவு உற்பத்திக்கு மானியம் வந்தது. 1945க்குப் பிறகான முப்பது வருஷத்தில் இங்கிலாந்தின் பழங்காட்டில் கிட்டத்தட்ட பாதி, ஒன்று வயலானது அல்லது ஊசியிலைத் தோட்டமானது. ஆயிரம் வருஷத்தில் நடக்காதது முப்பது வருஷத்தில் நடந்தது. பிராட்ஃபீல்டும் தப்பவில்லை, 1960களின் பின்பாதியில் மங்க்ஸ் பார்க்கில் பெரும்பகுதியை வேரோடு பிடுங்கி வயலாக்கினார்கள். உள்ளூர்க்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும் சத்தம் போட்டு, 1970ல் மிச்சம் இருந்ததை இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று வாங்கியது. இப்போது சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் நடந்தது அந்த மிச்சத்தில்தான், சுமார் 80 ஹெக்டேர். இன்றைக்கு இங்கிலாந்து முழுவதும் சேர்த்தே நிலத்தில் பத்து சதவீதம்தான் காடு. 1086ல் மன்னர் எடுத்த நிலக் கணக்கெடுப்பின்படி 15 சதவீதம் இருந்திருக்கும் என்கிறார் ராக்கம். அதாவது அப்போதே இங்கிலாந்து வயல்நாடுதான்.

இப்போதைய தலைவலி கோடாலி இல்லை, மான். ஓநாயை ஒழித்துப் பல நூற்றாண்டாகிறது. மானைத் தின்ன ஆளில்லை. போதாததற்கு வெளிநாட்டு வரவுகள் வேறு. நம் மலைகளில் கேளையாடு என்று ஒன்று உண்டே, அதன் சீனத்து உறவான மன்ட்ஜாக்கை 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஒரு பிரபு தன் வோபர்ன் பூங்காவில் கொண்டுவந்து விட்டார். தப்பியதும் விட்டதுமாக அது தென் இங்கிலாந்து முழுக்கப் பரவிவிட்டது. நாய் அளவுதான் இருக்கும், ஆனால் வெட்டிய கட்டையில் போத்து கிளம்பியதுமே மேய்ந்துவிடும். மூன்று நாலு வருஷம் தொடர்ந்து கடித்தால் ஆயிரம் வருஷக் கட்டையும் செத்துப்போகும். வெட்டிய கூப்பைச் சுற்றிக் கம்பி வேலியோ, சுள்ளிகளை மார்பு உயரத்துக்கு அடுக்கிய முள்வேலியோ பார்த்திருப்பீர்கள். அது இதற்காகத்தான். நைட்டிங்கேல் என்ற பாட்டுப் பறவை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரலில் வந்து இந்த ஐந்தாறு வயதுப் புதரில்தான் கூடு கட்டும். பிராட்ஃபீல்டிலேயே கூப்புகளில் சில பகுதிகளை வேலியிட்டும் சிலவற்றைத் திறந்துவிட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மான் நுழையாத வேலிக்குள் நைட்டிங்கேல் பல மடங்கு அதிகம். 1960களிலிருந்து பிரிட்டனில் அந்தப் பறவை பத்தில் ஒன்பது பங்கு குறைந்துபோயிருக்கிறது.

இன்னொன்று ஆஷ் மரத்து நோய். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை. 2012ல் பிரிட்டனில் உறுதியானது. காட்டில் முதலில் தெரிந்தது பக்கத்து நார்ஃபோக்கில். மறுதாம்புக்கு இதில் இரட்டை அடி, ஏனென்றால் இளம் போத்துகளைத்தான் அது முதலில் பிடிக்கிறது. வெட்டினால் இளம் போத்து வரும், வந்தால் நோய் பிடிக்கும். வெட்டாமல் விட்டால் கட்டை ஒருநாள் பாரம் தாங்காமல் பிளக்கும். இதற்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. எதிர்ப்புச் சக்தியுள்ள மரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாக் காட்டையும் வெட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மட்கிய பெருமரத்தில் வாழ்கிற வண்டுகளுக்கும் பூஞ்சைகளுக்கும் கூப்புக் காட்டில் இடம் கம்மி. அவற்றுக்குத் தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் மாதிரிப் பெரிய கிழட்டு மரங்கள் உள்ள இடம் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைட்டம் காட்டில் 1947லிருந்து கிரேட் டிட் என்ற ஒரே சிட்டு இனத்தைக் கூட்டுக்கூடாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். ஓக் சீக்கிரம் தழைக்கிறது, புழு சீக்கிரம் வருகிறது, சிட்டும் 1960களைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாக முட்டையிடுகிறது என்று கண்டுபிடித்தது அங்கேதான். அந்த மாதிரி வேலைக்கு வேறு மாதிரிக் காடு வேண்டும். ஆனால் 750 வருஷம் வெட்டிப் பழகிய காட்டில் திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை இயற்கைக்குத் திரும்புதல் என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக வயல். தாராளமாக நடக்கலாம், ஆனால் பாதையில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் பொதுப்பாதை, தனியார் நிலத்துக்கு நடுவே ஓடுகிறது. பெரும்பாலானவை ஒரு காலத்தில் மாதா கோவிலுக்கும் மில்லுக்கும் வேலைக்கும் ஆட்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதைகள். 1949 சட்டத்துக்குப் பிறகு அவற்றை அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்றினார்கள். அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை எக்ஸ்புளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடு கோடாகப் போட்டிருக்கும். வேலிக் கம்பத்தில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பாதை கோதுமைக்கு நடுவே போனால் கோதுமைக்கு நடுவேதான் நடக்க வேண்டும். விவசாயி உழுதாலும் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திரும்ப வழிவிட்டாக வேண்டும் என்பது சட்டம். முதல் முறை நான் மரியாதைக்காக வயலைச் சுற்றிப் போனேன். பாதையை விட்டு விலகியதால் அதுதான் அத்துமீறல் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்படி நடக்கும்போது வயலோரத்து உயிர்வேலியையும் பாருங்கள். முப்பது கஜ நீளத்தில் எத்தனை வகை மரம், புதர் இருக்கிறதோ அத்தனை நூற்றாண்டு அந்த வேலிக்கு வயது என்று மாக்ஸ் ஹூப்பர் என்ற ஆய்வாளர் ஒரு மனக்கணக்கு சொன்னார். துல்லியம் என்று சொல்ல முடியாது, ஆனால் பொழுது போகும். வெறும் ஹாதார்ன் முட்செடி மட்டும் நேராக நின்றால் அது 18, 19ஆம் நூற்றாண்டில் பொது நிலங்களை அளந்து பங்கு போட்டபோது நட்டது. மேப்பிள், ஹேசல், டாக்வுட் எல்லாம் கலந்து, அடியில் புளூபெல்லும் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் காடு இருந்து, வெட்டும்போது ஓரத்தை மட்டும் வேலியாக விட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் போல மறுபடி போங்கள். இந்த வருஷத்துக் கூப்பை விட்டுவிட்டு அதற்கு முந்தின வருஷத்ததைக் கேட்டுக்கொண்டு போனால் ஆக்ஸ்லிப் கிடைக்கும். மே முதல் வாரம், சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் ஐந்தாறு வயதுப் புதர்ப் பக்கம் சத்தமில்லாமல் நின்றால் அதிர்ஷ்டம் இருந்தால் நைட்டிங்கேல். சாதாரண ஷூவோடு போகாதீர்கள். அந்தக் களிமண் மே மாதத்திலும் காய்ந்திருக்காது. என் இடதுகால் பூட்ஸ் ஒருமுறை சேற்றிலேயே நின்றுவிட, நான் சாக்ஸோடு இரண்டடி முன்னால் போய்விட்டேன்.